ஊருணியும் ஓராண்டுத் தலைவரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'இலக்கியமும் தொண்டும்' என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் பணித்தார். மிக விரிந்த தலைப்பு. விரிந்த தலைப்பில் பேசுவது பேசுபவர்க்கு எளிது, கேட்பவர்க்குத்தான் துன்பம். ஆதலின் அதனை நானே சுருக்கிக்கொண்டேன். நம் ஊரிலும் நம் ஊரை ஒத்த பிற ஊர்களிலும் இயங்கிவரும் சேவைச் சங்கங்களைப் பற்றியும், குறிப்பாக, வீடும் பள்ளியும் கைவிட்டுத் தெருவோரத்தில் நிற்கும் சிறார்க்கு அவை செய்தவற்றையும் செய்யாது விட்டவற்றையும் பற்றியும் சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விழைகின்றேன். கவிஞர்கள் கூடிய அவையில் இஃதென்ன பேச்சு என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். சற்றுப் பொறுத்தருளுக.

சேவைச் சங்கம் என்றதும் நம்மவர் இதழ்க்கடையில் ஒரு நகை தோன்றுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கோயில் குழல்விளக்கில் 'உபயம்' எழுதி எழுதியே வெளிச்சத்தை மறைத்த கதை நமக்குத் தெரியும். பேருந்து நிறுத்தத்து இருக்கையில் கொடுத்தவர் பெயர் முதுகு சாயும் இடம் முழுவதையும் பிடித்துக்கொண்டிருப்பதையும் காண்கிறோம். ஒரு தையல் இயந்திரத்தைப் பதினோரு பேர் பற்றிக்கொண்டு நிற்கும் நிழற்படத்தில், அதனைப் பெற்றுக்கொண்ட பெண்ணின் முகம் மட்டும் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் மறைந்திருக்கும். இவற்றையெல்லாம் நம் கவிஞர்கள் அங்கதமாகப் பாடியும் இருக்கிறார்கள். நானும் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

ஆயினும் பெயர் பொறிப்பது மட்டுமே குற்றமென்றால், நம் கல்வெட்டுகளில் பாதியை உடைத்தெறிய வேண்டியிருக்கும். சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்தவர் எவரும் தம் பெயரையும் ஊரையும் கல்லில் வெட்டாமல் விட்டதில்லை. ஆனால் அவர்கள் மற்றொன்றும் செய்தார்கள். ஒரு விளக்கு நாள்தோறும் எரிவதற்கு இத்தனை நெய் வேண்டும், அந்த நெய்க்கு 90 ஆடு அல்லது 96 ஆடு வேண்டும் என்று கணக்கிட்டு, அவற்றை இடையர் பொறுப்பில் விட்டார்கள். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு இட்ட பெயர் 'சாவா மூவாப் பேராடு' என்பது. ஆடு சாகாதா, மூப்படையாதா? சாகும்; மூப்படையும். ஆனால் எண்ணிக்கை குறையலாகாது. ஒன்று இறந்தால் அதன் குட்டி அவ்விடத்தை நிரப்ப வேண்டும். கொடையாளி மறைந்த பின்னும், அவன் பேரன் மறைந்த பின்னும் விளக்கு எரிய வேண்டும் என்னும் ஏற்பாடு அது. பெயர் வெட்டியதை நாம் பார்க்கிறோம். ஆடு விட்டதைப் பார்ப்பதில்லை. இன்றைய சங்கங்களிடம் நான் கேட்க விரும்பும் வினாவும் இதுதான்: பெயர் இருக்கிறது, ஆடு எங்கே?

இந்தச் சங்கங்களின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் சிகாகோ நகரில் நால்வர் ஓர் அலுவலக அறையில் கூடினர். பால் ஹாரிஸ் வழக்கறிஞர்; மற்ற மூவருள் ஒருவர் நிலக்கரி வணிகர், ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையற்கடை வைத்திருந்தவர். சிற்றூரில் வளர்ந்து பெருநகருக்கு வந்த ஹாரிஸுக்கு அங்கே வழக்குகள் கிடைத்தன, நண்பர் கிடைக்கவில்லை. அந்தத் தனிமையே சங்கத்திற்கு வித்து. ஒருவர் அலுவலகத்தில் ஒருமுறை, அடுத்தவர் அலுவலகத்தில் அடுத்தமுறை என்று சுழன்று சுழன்று கூடியதால் 'ரோட்டரி' என்று பெயரிட்டனர். நம்மவர் அதனைச் சுழற்சங்கம் என்றனர். 1917இல் அதே சிகாகோவில் தோன்றிய லயன்ஸ் சங்கத்திற்கு 'அரிமா' என்று பெயரிட்டவர் யாரோ அறியேன். நல்ல தமிழ்க் காது உடையவர் என்பது மட்டும் உறுதி.

இவ்வாறு முதலில் நட்புக்காகக் கூடியவர்கள் பின்னரே தொண்டுக்கு வந்தார்கள். நம் வட்டமும் அப்படித்தான். கவிதை படித்துக் காட்ட ஆளில்லாத தனிமையில்தானே பத்தாண்டுகளுக்கு முன் இந்த அறையில் முதற்கூட்டம் நடந்தது? சிகாகோ நண்பர்கள் 1907இல் மேற்கொண்ட முதற்பொதுப்பணி யாது தெரியுமா? நகரமன்றத்தின் அருகே பொதுக் கழிப்பறை கட்டுவிக்கும் முயற்சி. மதுக்கடைக்காரர்களும் பெரிய அங்காடிக்காரர்களும் அதனை எதிர்த்தனர். கழிப்பறை தேடி உள்ளே வருவோர்தாம் அவர்களுடைய வாடிக்கையாளர். கவிதைக்கு அடங்காத பொருள்தான். ஆயினும் நகரத்துக்கு அப்போது வேண்டியிருந்தது அதுவே.

நம் நாட்டில் கல்கத்தாவில் 1920இலும் சென்னையில் 1929இலும் ரோட்டரி வேரூன்றியது. நம் தஞ்சைக்கு இவ்வரலாற்றில் ஒரு தனியிடம் உண்டு என்பதைப் பலர் அறியார். பள்ளி மாணவர்களுக்கென ரோட்டரி அமைத்த 'இன்டராக்ட்' மன்றங்களில் முதலாவது 1962 நவம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து மெல்பர்ன் நகரப் பள்ளியில் தொடங்கியது. அதனை அடுத்து மன்றம் அமைந்த ஊர் இலண்டன் அன்று, பாரிஸ் அன்று, தஞ்சாவூர். பெரியகோயில் ஊரார் இதற்கு ஒரு கல்வெட்டு வைத்திருந்தால் நான் குறை கூறமாட்டேன்.

பெண் என்னும் முறையில் ஒன்றைக் கூறாமல் மேலே செல்ல இயலவில்லை. இச்சங்கங்களில் நெடுங்காலம் பெண்களுக்கு இடமில்லை. உறுப்பினரின் மனைவியர் 1924 சனவரியில் மான்செஸ்டரில் கூடித் தமக்கென ஓர் அமைப்பைத் தோற்றுவித்து, சக்கரத்துக்குள் இருக்கும் சக்கரம் என்னும் பொருளில் 'இன்னர் வீல்' எனப் பெயரிட்டுக்கொண்டனர். கலிஃபோர்னியாவின் டுவார்ட்டி என்னும் சிற்றூர்ச் சங்கம், உறுப்பினர் குறைந்து நலிந்துவந்த நிலையில், 1977இல் பெண்கள் மூவரைச் சேர்த்துக்கொண்டது. தலைமையகம் அச்சங்கத்தின் பட்டயத்தையே பறித்துக்கொண்டது. அவர்களும் விடவில்லை. 'முன்னாள் ரோட்டரி சங்கம்' என்று தம்மை அழைத்துக்கொண்டு கூடிவந்தனர், வழக்கும் தொடுத்தனர். 1987 மே 4ஆம் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே அச்சங்கத்தின் தலைவரானவர் சில்வியா விட்லாக் என்னும் பள்ளித் தலைமையாசிரியை. உலக முழுமைக்கும் பெண்களுக்குக் கதவு திறந்தது 1989இல். உலகத் தலைமைப் பொறுப்பில் ஒரு பெண் அமர்ந்தது 2022இல். நூற்றுப் பதினேழு ஆண்டுகள் ஆயின. இவ்வளவு தாமதத்துக்கு வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள் மட்டுமா என்று நம் வட்டத்தின் கடந்த பத்தாண்டு நிர்வாகிகள் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தோழர்கள் விடை கூறலாம். (கைத்தட்டல்.)

வியப்பு என்னவென்றால், தெருச்சிறுவர்க்கென மன்றம் அமைக்கும் எண்ணம் பெண்களின் உள்ளத்தில்தான் முதலில் முளைத்திருக்கிறது. 1860இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் மேரி குட்வின், ஆலிஸ் குட்வின், எலிசபெத் ஹாமர்ஸ்லி என்னும் மூன்று பெண்மணிகள், வீதியில் அலைந்த சிறுவர்கள் உள்ளே வந்து இருக்க ஓர் இடம் வேண்டுமென்று எண்ணினர். அந்நாட்டில் இன்று ஊர்தோறும் இயங்கும் சிறுவர் சிறுமியர் மன்றங்கள் தம் தோற்றத்தை அந்த அறையிலிருந்தே கணக்கிடுகின்றன. நம் நாட்டில், 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் அமர்ந்த டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி, தங்க இடமின்றித் தம் வாயிலுக்கு வந்த சிறுமியரை உள்ளழைத்து 1930இல் தொடங்கிய இல்லத்துக்கு ஒரு புலவரின் பெயரைச் சூட்டினார்: ஔவை இல்லம். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவளின் பெயர், பெறுவாரின்றி நின்ற பெண்குழந்தைகளின் வீட்டுக்கு ஆயிற்று. இலக்கியத்துக்கும் தொண்டுக்கும் உள்ள உறவு பற்றி இதற்கு மேல் என்ன ஆய்வுரை வேண்டும்?

1904ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க்கில் நடந்த ஒரு கூட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எர்னஸ்ட் கூல்ட்டர் என்பவர் சிறுவர் நீதிமன்றத்தில் எழுத்தர். நாள்தோறும் தம் மேசைக்கு முன்னால் வந்து நின்ற சிறுவர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதி எழுதிக் கைசலித்தவர். ஒரு தேவாலயத்தின் ஆடவர் மன்றத்தில் பேச அவரை அழைத்தார்கள். அவர் பணம் கேட்கவில்லை; கட்டடம் கேட்கவில்லை. இங்கே இருப்பவர்களில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு சிறுவனுக்கு அண்ணனாக இருக்க முடியுமா என்று கேட்டார். கூட்டத்திலிருந்து ஏறத்தாழ நாற்பது பேர் முன்வந்தார்கள். 'பெரிய அண்ணன்மார்' என்னும் இயக்கம் அன்று பிறந்தது. நம் மொழியில் 'அண்ணன்' என்ற சொல்லுக்கு உள்ள கனம் ஆங்கிலச் சொல்லுக்கு இருக்குமா என்று ஐயுறுகிறேன். சாலையில் வழிகேட்பவன்கூட நம்மிடம் 'அண்ணே' என்றுதான் தொடங்குகிறான். ஆனால் அழைப்பதோடு உறவு நின்றுவிடுகிறது.

அந்த இயக்கத்தைப் பற்றி 1995இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பத்து வயது முதல் பதினாறு வயது வரையுள்ள 959 சிறாரை இரு கூறாக்கி, ஒரு கூறினர்க்கு அண்ணனோ அக்காவோ அமைத்துக் கொடுத்து, மறு கூறினரைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்துப் பதினெட்டு மாதங்கள் கழித்து ஒப்பிட்டார்கள். அண்ணன் அமைந்த சிறாரிடையே போதைப்பொருளைப் புதிதாகத் தொடுவது 46 விழுக்காடு குறைந்திருந்தது. வகுப்புக்குப் போகாமல் நாளைக் கழிப்பது பாதியாகக் குறைந்திருந்தது. அவ்வண்ணன்மார் அறிவுரை சொல்லப் பயிற்சி பெற்றவர்களும் அல்லர். சேர்ந்து நடந்தார்கள், விளையாட்டுப் பார்த்தார்கள், பேசிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவே.

ஆனால் அந்தத் தரவுகளையே மீண்டும் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரை மற்றொரு செய்தியைச் சொல்லிற்று. ஓராண்டுக்கும் மேல் நீடித்த உறவுகளில்தான் நன்மை மிகுதி. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன உறவுகளில், அந்தச் சிறார் யாருமே கிடைக்காத சிறாரைக் காட்டிலும் கீழான நிலைக்குச் சென்றனர். தம் மதிப்பைப் பற்றி அவர்களுக்கு இருந்த எண்ணமே தாழ்ந்துவிட்டது. முன்பே ஒருவர் விட்டுச்சென்ற பிள்ளையை இன்னொருவரும் வந்து விட்டுச்சென்றால் அப்பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? விட்டுச்செல்லத் தக்கவன்தான் நான் என்றல்லவா முடிவு கட்டும்! நல்லெண்ணத்தோடு தொடங்கிப் பாதியில் விடும் தொண்டு வெறும் பயனற்ற செயலாக நிற்பதில்லை, தீங்காகவே முடிகிறது. இதனை நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் தொண்டு செய்ய வருகிற சிலரும் அஞ்சி ஓடிவிடுவார்கள் என்ற கவலை போலும்.

இந்த இடத்தில்தான் சேவைச் சங்கங்களின் அமைப்பிலேயே இருக்கும் ஒரு முடிச்சைக் காண்கிறேன். சூலை முதல் நாளில் புதிய தலைவர் பொறுப்பேற்பார். அடுத்த சூன் முடிய அவர் ஆட்சி. பதவியைப் பற்றிக்கொண்டு யாரும் அமர்ந்துவிடாதபடி செய்த நல்ல ஏற்பாடு அது; நம் நாட்டு அமைப்புகள் பலவற்றுக்கு அவ்விதியைக் கடன் வாங்கலாம். ஆனால் ஒவ்வொரு தலைவருக்கும் தம் ஆண்டுக்கென ஒரு திட்டம் வேண்டும். ஓராண்டு கண்சிகிச்சை முகாம். மறு ஆண்டு மரக்கன்று. அதற்கு மறு ஆண்டு மழைநீர்த் தொட்டி. கண்ணறுவையும் தொட்டியும் ஓராண்டில் முடியும். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஓராண்டில் முடிவானா? அவன் அறுபத்தாறு நாளில் கனியும் பயிரல்லன்.

முடியாதென்றும் இதனை ஒதுக்க வேண்டியதில்லை. இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்கும் பணியை ரோட்டரி 1985இல் உலகளாவிய திட்டமாக ஏற்றது. இந்தியாவில் அந்நோயின் இறுதி நேர்வு 2011 சனவரி 13இல், மேற்கு வங்கத்தின் ஹவுராவில், ஒரு சிறுமியிடம் கண்டறியப்பட்டது. 2014 மார்ச் 27இல் நம் நாடு நோய் நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. அரசுகளும் உலகச் சுகாதார நிறுவனமும் எண்ணிலாப் பணிப்பெண்களும் சுமந்த சுமை அது என்பதை மறவேன். ஆயினும் ஆண்டுதோறும் மாறிய தலைவர்கள் தத்தம் புதுமையை விடுத்து ஒரே பணியை முப்பதாண்டு தோள்மாற்றிக்கொண்டு வந்தார்கள் என்பதும் உண்மை. ஓராண்டுத் தலைவர்களாலும் சாவா மூவாப் பேராடு மேய்க்க முடியும்.

நம் ஊர்ச் செய்திக்கு வருகிறேன். இங்குள்ள குழந்தைகள் இல்லம் ஒன்றில் கட்டுரைப் போட்டிக்கு நடுவராக ஒரு சங்கத்தார் என்னை அழைத்திருந்தார்கள். எந்தச் சங்கம் என்பது இங்கு வேண்டாம். சிறப்பு விருந்தினர் வருகைக்காகப் பிள்ளைகள் வெயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வரிசையில் நிறுத்தப்பட்டிருந்தனர். அவர் வந்தார்; குறிப்பேடுகள் வழங்கப்பட்டன; படம் எடுக்கப்பட்டது; ஒரு குறிப்பேடு சரியாக விழவில்லை என்று ஒரு பையனிடமிருந்து அதைத் திரும்ப வாங்கி மீண்டும் கொடுத்துப் படமெடுத்தார்கள். பின்னர்க் கட்டுரைப் போட்டிக்கு நேரமில்லை என்றார்கள். 'நான் விரும்பும் தலைவர்' என்ற தலைப்பை மட்டும் கரும்பலகையில் எழுதியிருந்தார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே கலைந்தனர்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இத்தகைய இல்லங்களில் வாழும் பிள்ளைகளை அடையாளம் காட்டும் படத்தையோ பெயரையோ செய்தித்தாளில் வெளியிடுதலாகாது என்று தெளிவாகத் தடுக்கிறது. அந்தப் படம் மறுநாள் நாளிதழில் வந்தது. எனக்குக் கோபம் வந்ததென்று சொல்வது போதாது.

அதே இல்லத்தில், அதே நாளில், பின்கட்டில் வேறொரு காட்சியைக் கண்டேன். அங்கே ஒருவர் கைகளில் கரும்பசை படிய, பிரித்துப்போட்ட ஒரு பழைய இருசக்கர வண்டி எந்திரத்தைச் சுற்றி ஏழெட்டுப் பையன்களை அமர்த்திக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர். அச்சங்கத்தின் உறுப்பினர்தாம், ஆயினும் படமெடுக்கும் இடத்துக்கு அவர் வரவில்லை. முன்னொரு தலைவரின் ஆண்டில் 'தொழிற்பயிற்சித் திட்டம்' என ஒன்று தொடங்கி அந்த எந்திரத்தை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தலைவர் மாறினார். திட்டமும் அறிக்கையிலிருந்து மறைந்தது. இவர் மட்டும் ஆறாண்டுகளாக ஞாயிறுதோறும் வந்துகொண்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். அவர் கூறிய விடையை அவர் பேச்சிலேயே தருகிறேன்: "முதல் நாள் கிளம்பறப்ப ஒரு பையன், 'அடுத்த வாரம் வருவீங்களா?'ன்னு கேட்டாம்மா. 'பார்க்கலாம்'னேன். அவன் மூஞ்சி போன போக்கைப் பார்த்துட்டு, 'வரேன்டா'ன்னுட்டேன். சொல்லிட்டேனே, வராம எப்படி?"

'பார்க்கலாம்' என்பது நம் மொழியின் மிக நாகரிகமான மறுப்பு. பெரியவர்கள் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்வதில் கேடில்லை. இருவர்க்கும் அதன் பொருள் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

வள்ளுவர் ஈகைக்கு முன்னே ஒப்புரவறிதலை வைத்தார். முறைவைப்புக்குப் பலரும் பல காரணம் கூறுவர். நான் வகுப்பில் கூறுவது இது: ஈகை ஒரு செயல், ஒப்புரவு ஒரு நிலை. ஒப்புரவுக்கு அவர் எடுத்த உவமைகள் ஊர் நடுவே நீர் நிறைந்த ஊருணி, பழுத்த பயன்மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம் ஆகிய மூன்றும். மூன்றும் இருந்த இடத்தில் இருப்பவை. நேற்று இருந்தன, நாளையும் இருக்கும் என்று நம்பிக் குடத்தோடு போகலாம். ஊருணி ஒருநாள் விழா எடுத்து நீர் வழங்குவதில்லை.

காப்பியத்துக்குப் போவோம். மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபியை எல்லாரும் அறிவோம். அதற்கு முன் அது யார் கையில் இருந்தது என்பதை மாணவியர்க்கு நான் அழுத்திச் சொல்வதுண்டு. ஆபுத்திரன் யார்? பெற்றவள் வழியில் ஈன்று ஒரு தோட்டத்தில் விட்டுச் சென்ற குழந்தை. ஏழு நாள் ஒரு பசு பால் சுரந்து காத்தது. இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்த்து ஓதுவித்தான். வேள்விக்குக் கட்டிய பசு ஒன்றை இரவில் அவிழ்த்துக்கொண்டு போனபோது பிடிபட்டான், அடிபட்டான். பிறப்பு வெளிப்பட்டதும் ஊரார் தள்ளினர்; வளர்த்தவனும் தள்ளினான். மாட்டைத் திருடியவன் என்று பழிசுமத்தி அவன் பிச்சைப் பாத்திரத்தில் கல்லை இட்டார்கள். இன்றைய பதிவேட்டில் இவனை எப்படி எழுதுவார்கள்? பெற்றோர் இல்லை, வளர்ப்பு இல்லத்தினின்று நீங்கியவன், கால்நடைத் திருட்டு, இருப்பிடம் நிலையற்றது. அத்தனை கட்டங்களும் நிரம்பியிருக்கும்.

இவன்தான் மதுரைக்கு வந்து, சிந்தாதேவியின் கோயில் முன்றிலில் தங்கி, வீடுதோறும் இரந்து கொண்டுவந்ததைக் கண்ணற்றவர்க்கும் காலற்றவர்க்கும் துணையற்றவர்க்கும் ஊட்டி, எஞ்சியதை உண்டு, அந்த ஓட்டையே தலைக்கு வைத்துத் துயின்றான். அமுதசுரபி கிடைத்தபின் அவன் அறவோன் ஆகவில்லை. ஓடு மட்டும் இருந்த காலத்திலேயே அவன் அறவோன். சாத்தனார் இதனை எவ்வளவு எண்ணி வைத்திருக்கிறார் என்று வியக்கிறேன். தமிழின் மிகப்பெரும் கொடைப்பாத்திரத்தை ஒரு வள்ளலின் கையில் அவர் முதலில் கொடுக்கவில்லை. ஊர் கல்லெறிந்த ஒரு சிறுவன் கையில் கொடுத்தார். கொடுக்கும் இடத்தில் நாமும் பெறும் இடத்தில் அவர்களும் என்றே பழகிவிட்ட நமக்கு இது அதிர்ச்சி தரவேண்டும். அந்த இல்லத்துப் பையன்களுள் எத்தனை பேர் கையில் ஓடு இருக்கிறது, யாருக்கு அவர்கள் தம் பங்கை ஊட்டுகிறார்கள் என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

பின்னர் அப்பாத்திரம் மணிமேகலையிடம் வந்ததும் அவள் அதனோடு புகார் நகரச் சிறைக்குச் செல்கிறாள்; மன்னனிடம் அவள் வேண்டிப் பெற்ற வரம் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக வேண்டும் என்பது. ஒரு காதையின் பெயரே அதுவாயிற்று. 1920இல் இந்தியாவிலேயே முதலாவதாகச் சிறுவர்க்கெனத் தனிச்சட்டம் இயற்றியது சென்னை மாகாணம் என்று படித்தபோது, இந்த மண்ணுக்கு அந்தப் பழைய வேண்டுகோள் மறக்கவில்லை என்று எண்ணி மகிழ்ந்தேன். எண்ணியது மிகையாகவும் இருக்கலாம். தமிழாசிரியர்க்கு அந்த உரிமை உண்டு.

சொற்களைப் பற்றியும் ஒன்று. விசாரணைக் காலத்தில் சிறாரை வைக்கும் இடத்துக்கு அரசு இட்ட பெயர் 'கூர்நோக்கு இல்லம்'. அந்தப் பெயர்ப்பலகையை முதலில் கண்ட நாளில் வண்டியை நிறுத்திப் பார்த்தேன். தொல்காப்பியர் செய்யுள் உறுப்புகள் முப்பத்து நான்கனுள் ஒன்றாக 'நோக்கு' என்பதை வைத்தார். மாத்திரையாகிய சிற்றுறுப்பிலிருந்து அடிவரை ஒன்றையும் தள்ளாமல் திரும்பத் திரும்பப் பார்க்கத் தூண்டும் தன்மை அது. ஒரு கவிதையை அவ்வாறு பார்க்கப் பத்தாண்டுகளாக இந்த அறையில் பயின்றிருக்கிறோம். ஓர் ஒற்றெழுத்து மிகுந்ததற்கு இரவு ஒன்பது மணிவரை வாதாடியவர்களை இங்கே காண்கிறேன். அத்தகைய பார்வை அந்தப் பலகைக்கு உள்ளே இருக்கும் பிள்ளைக்கு ஒருநாளேனும் கிடைத்திருக்குமா? அவனைப் பார்ப்போர் அனைவரும் அவன் செய்த ஒரு செயலையே பார்க்கிறார்கள். முழுச் செய்யுளையும் படிப்பார் இல்லை.

இனி என் வேண்டுகோள். சேவைச் சங்கத்திடம் பணம் இருக்கிறது, இடம் இருக்கிறது, அலுவலகங்களில் அறிமுகம் இருக்கிறது. நம்மிடம் இவை இல்லை. நம்மிடம் இருப்பது ஒன்று: பத்தாண்டில் நூற்றிருபது கூட்டங்கள். நான்கு பேர் மட்டும் வந்த நாளிலும் கூட்டம் நடந்தது. 2020இல் பெருந்தொற்று ஊரை முடக்கிய மாதங்களிலும் தொலைபேசியில் ஒருவர் படிக்க மற்றவர் கேட்டு, விட்டுப்போகாமல் காத்தோம். அந்த இல்லத்துக்கு இல்லாமற்போனது இப்பழக்கமே. அவர்களுடைய வசதியும் நம்முடைய பழக்கமும் சேர்ந்தால் ஒரு வேலை நடக்கும்.

கிழமைக்கு ஒருமுறை, சனிக்கிழமை மாலை நான்கு மணிமுதல் ஐந்தரைவரை, இருவர் இருவராகச் சென்று பிள்ளைகளோடு கதை படிப்பதும் அவர்கள் சொல்வதைக் கேட்பதும் என் திட்டம். கூர்நோக்கு இல்லத்தை நான் தெரிவு செய்யவில்லை. விசாரணை நான்கு மாதங்களில் முடிய வேண்டும் என்பது சட்டம், ஆதலின் அங்கே பிள்ளைகள் நீடித்து இருப்பதில்லை. நம் உறவு தொடங்கும் முன்பே அறுந்துவிடும். ஆண்டுக்கணக்கில் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் குழந்தைகள் இல்லமே ஏற்றது. பட்டறைக்கார நண்பரிடம் பேசிவிட்டேன். அவர் சங்கத்தின் இந்த ஆண்டுத் தலைவரும், அடுத்த ஆண்டுக்குத் தேர்வாகியிருப்பவரும், அதற்கடுத்த ஆண்டுக்கு வரவிருப்பவரும் ஆகிய மூவரும் ஒரே தாளில் கையொப்பமிட்டால் மட்டுமே நம் வட்டம் இணையும் என்று அவர் மூலம் சொல்லியனுப்பியிருக்கிறேன். புத்தக அலமாரியும் போக்குவரத்தும் அவர்கள் பொறுப்பு. பெயர்ப்பலகை வைத்துக்கொள்ளட்டும், பிள்ளைகளின் படம் கூடாது.

நமக்கும் ஒரு தடை உண்டு. அங்கே கேட்ட கதைகளைக் கவிதையாக்கி நம் இதழுக்கு அனுப்பும் ஆசை எழும். குறைந்தது முதல் ஈராண்டுக்கு அந்த ஆசையை அடக்கியாள வேண்டும். அவர்கள் துன்பம் நமக்குப் பாடுபொருளாகக் கிடைத்த சுரங்கம் அன்று. அவர்களே எழுதினால் வெளியிடுவோம். பெயரின்றி, அவர்கள் இசைவோடு.

ஓராண்டு முழுதும் வர இயலாதவர் பெயர் தரவேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதில் இழுக்கொன்றும் இல்லை. நூல் தொகுத்து அனுப்பலாம், அலமாரிக்குப் பட்டியல் எழுதலாம். வருவோர் பதினாறு பேர் போதும். இருவராக எட்டு இணைகள். ஒவ்வோர் இணைக்கும் குறிப்பிட்ட சில பிள்ளைகள், ஆண்டு முழுதும் மாறாமல். அதற்கேற்பப் பிள்ளைகளின் முறையை இல்லத்துக் கண்காணிப்பாளர் வகுத்துத் தருவதாகக் கூறியிருக்கிறார். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இசைவு பெற வேண்டும். அதற்கு ஒவ்வொருவரின் அடையாளச் சான்றின் படியும் காவல்துறை நன்னடத்தைச் சான்றும் தேவைப்படும். கவிஞர்களிடம் நன்னடத்தைச் சான்று கேட்பதா என்று நம் பொருளாளர் நேற்றே வருந்தினார். கேட்கத்தான் வேண்டும்; பிள்ளைகள் இருக்கும் இடம்.

பெயர்ப்பட்டியலுக்கான தாள் செயலாளரின் மேசையில், தேநீர்க் குவளைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் பெயரையும் என்னோடு வர இசைந்த மாணவி ஒருவரின் பெயரையும் முதல் வரியில் எழுதியிருக்கிறேன். முதல் சனிக்கிழமை, இசைவு வந்த மறுவாரம்.